‘கோட்டா புக்’ என்று ஒரு புத்தகம் கிடையாது

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். அதை மறைத்துவிட்டு அடுத்தவரைத் திட்டுவது நேர்மையாக இருக்காது.

வெலிங்டனில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு வந்துகொண்டிருந்த தங்கை ஒருத்திக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. அவள் அம்மா குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். பாட்டி, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து மூட்டை முடிச்சோடு அனுப்பி வைக்கப்பட்டவர். அந்த மலையிலும் லயம், இந்த மலையிலும் லைன் வீடு. அந்தக் குடும்பத்திலிருந்து ஒருத்தி ஸ்டெதாஸ்கோப் மாட்டப் போகிறாள் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. காசு சேர்த்தோம். கன்டோன்மென்ட்டில் குப்பை அள்ளும் அண்ணன்கள்கூட ஐம்பது, நூறு என்று கொடுத்தார்கள். உடற்கூறியலில் பெரிய புத்தகம் எதுவென்று விசாரித்து ‘கிரேஸ் அனாடமி’யை வாங்கினோம். அண்ணல் படத்துக்குக் கீழே அவளை நிறுத்தி, இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்துப் போட்டோம். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து முதல் இன்டர்னலில் அவள் தேறவில்லை. போனில் அழவில்லை. அழுதிருந்தால்கூட எங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும். “அண்ணா, புக்கு நல்ல புக்குதான். எனக்குத்தான் மண்டைல ஏறல. நான் இதுக்கு லாயக்கில்ல போல” என்றாள்.

வேறு புத்தகம் பார்க்கக் கூடாதா என்று கேட்டோம். ஹாஸ்டலில் முக்கால்வாசிப் பேர் சௌராசியாதான் படிக்கிறார்கள் என்றாள். பிறகென்ன? “சீனியருங்க அத ‘கோட்டா புக்’னு சொல்றாங்கண்ணா. மத்தவங்க கையில இருந்தா ஒண்ணும் இல்ல. நான் வெச்சிருந்தா…” அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

நாங்கள் முடித்து வைக்கிறோம். ஒரே புத்தகம். முன்னேறிய சாதிப் பையன் படித்தால் அதற்குப் பெயர் ‘ஸ்மார்ட் ஸ்டடி’. நம் பிள்ளை படித்தால் ‘கோட்டா புக்’. தீட்டு புத்தகத்தில் இல்லை. அதைத் தொடுகிற கையைப் பார்த்துத்தான் ஒட்டப்படுகிறது. டம்ளருக்குச் செய்ததை இப்போது புத்தகத்துக்குச் செய்கிறார்கள்.

இது சின்ன விஷயம், சீனியர் கிண்டல் என்று சிலர் சொல்வார்கள். டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஹாஸ்டலிலும் வகுப்பிலும் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை 2007இல் சுக்தேவ் தோரட் குழு அறிக்கையாகவே எழுதிக் கொடுத்தது. 2019இல் மும்பையில் டாக்டர் பாயல் தத்வி என்ற பழங்குடிப் பெண்ணை நாம் இழந்தோம். சாதிரீதியாக அவமானப்படுத்தினார்கள் என்று அவர் குடும்பம் குற்றம்சாட்டியது, வழக்கும் பதிவானது. ‘நீ இதற்கு லாயக்கில்லை’ என்று தினம் ஒரு சொல்லாகச் சொல்லிச் சொல்லித்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ‘கோட்டா புக்’ அந்தச் சொற்களில் ஒன்று. எங்கள் தங்கை விஷயத்தில் அதற்கு நாங்களும் கைகொடுத்திருக்கிறோம் என்பதுதான் எங்கள் வெட்கம். தடித்ததே உயர்ந்தது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்.

சரி, இந்தத் தடித்த புத்தகத்தின் கதை என்ன?

1858இல் லண்டனில் ஹென்றி கிரே எழுத, ஹென்றி வாண்டைக் கார்ட்டர் படம் வரைய, அந்த நூலின் முதல் பதிப்பு வந்தது. 363 படங்கள். அதற்கு முன்பும் நல்ல உடற்கூறியல் நூல்கள் இருந்தன. இது எப்படி அவற்றை ஓரங்கட்டியது? மற்ற நூல்கள் பலவற்றில் எலும்புக்கும் தசைக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தோ எண்ணோ இருக்கும். பெயரைத் தேடி அடிக்குறிப்புக்குப் போக வேண்டும். கார்ட்டர் படத்தைப் பெரிதாக வரைந்து, பெயரை அந்த உறுப்பின் மேலேயே எழுதினார். மாணவன் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டான். அதாவது, கிரேஸ் அனாடமி அந்தக் காலத்தின் சுலபமான புத்தகம். சுலபமாக இருந்ததால்தான் வென்றது.

பிறகு பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. 2020இல் வந்த 42ஆம் பதிப்பு ஆயிரத்து ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும். அறுவை மருத்துவரும் பேராசிரியரும் சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கும் நூலாக அது ஆகிவிட்டது. மாணவர்களுக்கு அது ஒத்துவராது என்பதால்தான் 2005இல் ‘கிரேஸ் அனாடமி ஃபார் ஸ்டூடண்ட்ஸ்’ என்று வேறொரு நூலை வேறு ஆசிரியர்களை வைத்துத் தனியாக எழுதி வெளியிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. எங்களுக்கு அன்று இது தெரியாது. விசாரித்துவிட்டு வாங்கியிருந்தால் அந்தப் பிள்ளையின் மூன்று மாதம் வீணாகியிருக்காது.

சௌராசியா? குவாலியர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய பி.டி.சௌராசியா எழுதி, 1979இல் முதலில் வந்தது. குறுகிய வாக்கியம், எண் போட்ட குறிப்பு, பரீட்சைத் தாளில் நாமே வரைந்துவிடக் கூடிய கோட்டுப்படம். குறைகள் உண்டு. ஆழம் போதாது, படங்கள் உண்மையான உடலைப் போல இருக்காது என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் இந்நாட்டில் 40 ஆண்டுகளுக்கு மேலாகப் படித்து வெளியே வந்த டாக்டர்களில் பெருங்கூட்டம் அந்தக் கோட்டுப்படங்களைப் பார்த்துத்தான் முதலாம் ஆண்டைத் தாண்டியிருக்கிறது. கிண்டல் செய்கிற சீனியரின் கட்டிலுக்கடியில் தேடிப் பாருங்கள், மூன்று பாகமாவது இருக்கும்.

கார்ட்டரின் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. நூலை வெற்றி பெறச் செய்த படங்களை வரைந்தவருக்குக் கிடைத்தது ஒரே தடவையாக 150 பவுண்டு. விற்பனையில் பங்கு கிரேவுக்கு மட்டும். தலைப்புப் பக்கத்தின் அச்சுப்படியில் கார்ட்டரின் பெயர் தன் பெயர் அளவுக்குப் பெரிதாக இருந்ததைப் பார்த்து, அதைச் சின்னதாக்கச் சொன்னார் கிரே. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனுக்குச் செய்தது இது. கையால் உழைத்தவன் பெயர் சிறுக்கும், எழுதியவன் பெயர் பெருக்கும். இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் இது பிறப்போடு கட்டப்பட்டது. சுசுருத சம்ஹிதை, பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து ஓடும் நீரில் ஊறவிட்டு, ஏழு நாள் கழித்துத் தோலைச் சுரண்டி உள்ளே பார்க்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்த மரபு எங்கே போனது? பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற சாத்திரமும், கைவேலை தாழ்ந்த சாதிக்கு என்ற ஒதுக்கலும் சேர்ந்து உடற்கூறியலையும் அறுவை மருத்துவத்தையும் இங்கே சாகடித்தன என்று, வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். அவர் நம் ஆள் இல்லை. அறிவியலாளராகப் பார்த்துச் சொன்னார். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலில் கத்தி வைத்தார். தீட்டை மீறிய அந்தத் துணிச்சலுக்காக வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கினார்கள் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அவர் துணிச்சலை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி. அதற்கு முன்பும் பின்பும் இந்த நாட்டில் பிணத்தைத் தொட்டவர்கள், தூக்கியவர்கள், எரித்தவர்கள், புதைத்தவர்கள் யார்? அவர்களுக்கு எந்த பீரங்கி முழங்கியது? வங்காளத்தின் அரசு மருத்துவமனைகளில் பிணவறை ஊழியரை இன்றும் ‘டோம்’ என்று அழைக்கிறார்கள். அது ஒரு தலித் சாதியின் பெயர். வேலைக்குச் சாதியின் பெயர்! நம் ஊர்ப் பிணவறைகளில் மண்டையைத் திறப்பதும் மார்பைத் திறப்பதும், முடிந்ததும் தைத்துக் கழுவிக் கொடுப்பதும் பெரும்பாலும் நம் சித்தப்பா, பெரியப்பாக்கள்தான். கல்லீரல் எங்கே, மண்ணீரல் எங்கே என்று அவர்கள் கைக்குத் தெரியும். அறிக்கையில் கையெழுத்து வேறொருவருடையது. அந்தக் கையின் பேத்தி இன்று மருத்துவக் கல்லூரியில் ஒரு புத்தகத்தை எடுத்தால் ‘உனக்கு இது ஏறாது’ என்கிறார்கள்.

கை மட்டுமல்ல, மேசையில் கிடத்தப்பட்ட உடலும் பெரும்பாலும் ஏழையுடையதே. இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகள் விடுதிகளில் இறந்து, கேட்க ஆளில்லாமல் கிடந்த உடல்களைக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்டது. கிரேவும் கார்ட்டரும் அறுத்தது அப்படிப்பட்டவர்களைத்தான். இங்கும் மாநிலச் சட்டங்கள் ‘உரிமை கோரப்படாத’ உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கின்றன. உரிமை கோர யாரும் இல்லாமல் சாகிறவர் யார் என்று சமூகவியல் படித்தவர்தான் சொல்ல வேண்டுமா?

எங்கள் மண்ணும் அந்த நூல்களில் இருக்கிறது. ‘மதுரா ஃபுட்’ என்று மருத்துவ நூல்கள் சொல்லும் நோய் மதுரையின் பெயரைத் தாங்கியது. வெறுங்காலோடு வயலில் நிற்பவனின் காலில், முள் குத்திய வழியாக நுழைவது. கிரேயின் படங்களை வரைந்த அதே கார்ட்டர் பம்பாய்க்கு வந்து, அந்த நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று காட்டி, 1860இல் ‘மைசிடோமா’ என்று பெயரும் வைத்தார். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இதே நீலகிரியின் பழங்குடி உறவுகளின் ரத்தத்தில் அரிவாள் செல் இருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். நம் காலும் அவர்களின் ரத்தமும் எப்போதோ புத்தகத்துக்குள் போய்விட்டன. அதைப் படிக்கும் இடத்துக்கு நம் பிள்ளைகள் வரத்தான் இவ்வளவு காலம் பிடித்தது. இந்த மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் வந்தது.

இதைக் கேட்டுவிட்டு நம் தோழர்கள் சிலர் கோபமாக ஒன்று சொல்வார்கள்: ‘காலனிய நூல், ஏழையின் பிணத்தில் எழுதிய நூல், தூக்கி எறியுங்கள்.’ இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வியன்னாவில் எடுவார்ட் பெர்ன்கோப் என்ற நாஜி பேராசிரியர் உருவாக்கிய உடற்கூறியல் படநூல், நுணுக்கத்துக்குப் பேர் போனது. நாஜி காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 1,377 பேரின் உடல்களாவது அந்த உடற்கூறியல் நிறுவனத்துக்குப் போயிருக்கின்றன என்று வியன்னா பல்கலைக்கழகமே 1998இல் விசாரித்துச் சொன்னது. அதன் பிறகு அந்த நூலை எப்படிக் கையாள்வது, பயன்படுத்தினால் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் பயன்படுத்துவது என்று மருத்துவர்களும் யூத அறநெறியாளர்களும் விவாதித்தார்கள். கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் பாடம். நம் நாட்டின் டிசெக்‌ஷன் மேசைகளைப் பற்றி அப்படி ஒரு விசாரணையை யார் நடத்தினார்கள்? இன்றைய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், ‘உடலே நம் முதல் ஆசிரியர்’ என்று ஒரு பாடப்பகுதி இருக்கிறது. நல்லது. அந்த ஆசிரியர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று கேட்கவும் கற்றுக்கொள்வோம். அதற்காகப் படிப்பை விட்டுவிட முடியாது. அந்த உடல்கள் நம்முடையவை என்றால், அவற்றிலிருந்து பெற்ற அறிவில் முதல் உரிமையும் நமக்குத்தான்.

இன்னொரு பக்கம், ‘எல்லாம் தமிழில் வந்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். தமிழில் வரட்டும், வேண்டும். 2022இல் போபாலில் இந்தியில் மருத்துவப் பாடநூல் வெளியிட்டபோதுதான் இந்த யோசனை பிறந்ததுபோலப் பேசுகிறார்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறியலும் தமிழில் அச்சேறியது. ஆனால் அந்த நாளைய யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரவே நம் மக்களை விடவில்லை. மொழி கதவைத் திறக்கும். வாசலில் நிற்கிற சாதியை அது தானாக விரட்டாது. இரண்டு வேலையும் நமக்கு இருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு, தோற்றுக் கற்றவர்களாகச் சொல்கிறோம்.

படிக்கும் நூல் வேறு, பார்க்கும் நூல் வேறு, தேடும் நூல் வேறு. மூன்றையும் ஒன்றாக்காதீர்கள்.

படிக்கும் நூலை இப்படிச் சோதியுங்கள்: நூலகத்தில் அக்குள் பகுதியை மட்டும் எடுத்து ஒரு மணி நேரம் படியுங்கள். மூடிவிட்டு, கைக்குப் போகும் நரம்புப் பின்னலை வரையுங்கள். எந்த நூலைப் படித்தபின் வரைய முடிகிறதோ அது உங்கள் நூல். சௌராசியா ஆகட்டும், விஷ்ராம் சிங் ஆகட்டும், மாணவர்களுக்கான கிரே ஆகட்டும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

பார்க்கும் நூல் ஒரு அட்லஸ். நெட்டரோ கிராண்டோ ஒன்று போதும், சீனியரிடம் பழைய பிரதி கிடைக்கும். டிசெக்‌ஷன் மேசைக்கு கன்னிங்ஹாம் கையேடு. இப்போதைய பதிப்பைத் திருத்தி எழுதியவர் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய ரேச்சல் கோஷி. கோட்டுப்படத்தில் படித்ததை உடலில் தொட்டுப் பார்க்காவிட்டால் எந்த நூலும் உதவாது. கையுறையைப் போட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போங்கள். பின்னால் தள்ளினாலும் போங்கள்.

தேடும் நூல் பெரிய கிரே. பித்தப்பைக்குப் போகும் ரத்தக் குழாய் இங்கிருந்து கிளம்பும் என்று மாணவர் நூல் ஒரு வரியில் சொல்லும். எல்லோர் உடம்பிலும் அது அப்படிக் கிளம்புவதில்லை. வேறெங்கெல்லாம் கிளம்பலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தி வைப்பவர் ஆளைக் கொல்வார். அப்போது பெரிய நூல் வேண்டும். எனவே அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அது நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செல்போனில் சுற்றும் இலவச கிரே பெரும்பாலும் 1918ஆம் ஆண்டுப் பதிப்பு. பல பெயர்கள் மாறிவிட்டன, மருத்துவக் குறிப்புகள் நூறு வருடப் பழசு. அதை நம்பிப் பரீட்சைக்குப் போகாதீர்கள்.

எந்த நூலாக இருந்தாலும் அதில் உங்கள் தோலின் நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரே பணியாற்றிய அதே லண்டன் செயின்ட் ஜார்ஜில், 2020இல் மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின மாணவர், கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடே எழுதினார். மாணவராக இருக்கும்போதே எழுதினார். நாமும் எழுதலாம்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் அரசுக்கும் ஒரு சொல். பட்டியல் சாதி, பழங்குடி மருத்துவ மாணவர்களுக்குப் புத்தக வங்கித் திட்டம் என்று ஒன்று உண்டு. இரண்டு பேருக்கு ஒரு செட் என்பது கணக்கு. பரீட்சைக்கு முந்தின இரவு அந்த ஒரு செட் எந்த அறையில் இருக்கும்? ஆளுக்கொரு செட் கொடுங்கள், முதல் வாரத்திலேயே கொடுங்கள். மாணவர்களே, உங்கள் கல்லூரியில் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

அந்தத் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தேர்ச்சி பெற்ற அண்ணன் ஒருவரின் பழைய சௌராசியாவை அனுப்பினோம். அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் பென்சில் கோடு. பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், அம்மாவுக்கு ராத்திரியில் விரல் மரத்துப்போய்த் தூக்கம் கெடுவதைக் கவனித்திருக்கிறாள். வருடக்கணக்காகக் கொழுந்து எடுத்தும் கத்தரி பிடித்தும் தேய்ந்த கை. எஸ்டேட் மருந்தகத்தில் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள்.

“சுண்டுவிரலும் மரக்குதாம்மா?”

“இல்ல பாப்பா, அது ஒண்ணும் பண்ணல. மத்ததுதான்.”

சௌராசியாவைத் திறந்து மணிக்கட்டின் கோட்டுப்படத்தை எங்களுக்குக் காட்டினாள். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான குகை. மீடியன் நரம்பு அதற்குள் போகிறது. சுண்டுவிரலுக்குப் போகிற அல்நார் நரம்பு குகைக்கு வெளியே போகிறது. ‘உள்ள போற நரம்பு நசுங்குது, அதான் சுண்டுவிரல் மட்டும் தப்பிச்சிருக்கு’ என்றாள். முதலாம் ஆண்டு மாணவி, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அவளே சொல்லி, குன்னூர் அரசு மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப் போனாள். அங்கே டாக்டரும் அதையேதான் சொன்னார்.

நாங்கள் வாங்கிய கிரே இப்போது படிப்பக அலமாரியில் இருக்கிறது. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளே அதை இறக்கி, அந்தக் குகையைப் பற்றிய பக்கங்களை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தாள். இந்தத் தடவை மண்டையில் ஏறியது.

படித்து முடித்த அண்ணன்களே, அக்காக்களே, உங்கள் பழைய உடற்கூறியல் நூல்களை எடைக்குப் போடாதீர்கள். பென்சில் கோட்டை அழிக்காமல் அப்படியே உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குக் கொடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும், உங்கள் சேரியின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

ஜெய் பீம்.